உங்களுக்குத் தெரியுமா? நாகலாபுரத்துத் தொழுவமும் தீவனக் கணக்கும்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகிறவர்களுக்கு, சுருட்டப்பள்ளியைத் தாண்டியதும் நாகலாபுரம் வரும். மச்ச அவதாரத் திருமால் வேதநாராயணராக நிற்கும் கோயில் இங்கேதான்; கிருஷ்ணதேவராயர் கட்டியது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் இந்தப் பக்கத்தில் நெல், கடலை, கரும்பு, மா எல்லாம் விளைகின்றன. அவற்றின் வைக்கோலும் கொடியும் தோகையும் தவிடும் பிண்ணாக்கும் தொழுவத்துக்கு வருகின்றன. ஆக, தீனிக்குப் பஞ்சமில்லை. மாட்டின் வயிறு நிறைகிறது, ஆனால் தேவை நிறைவதில்லை. அந்த இடைவெளியை அடைக்கும் செய்திகளைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

வைக்கோலைச் செரிப்பது யார்?

வைக்கோலின் நார்ச்சத்தை உடைக்கும் செரிமான நீர் எந்தப் பசுவுக்கும் சுரப்பதில்லை. பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. பெருவயிற்று நீர் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கிப் புளிப்பதுபோல, உள்ளே போன தீனி ஓயாமல் நொதித்துக்கொண்டே இருக்கிறது. அதில் உண்டாகும் அமிலங்கள் ரத்தத்தில் கலந்து மாட்டுக்குச் சக்தி தருகின்றன. வேலை முடித்த நுண்ணுயிர்கள் அடுத்தடுத்த வயிறுகளுக்கு இறங்கி, தாங்களே செரிக்கப்பட்டுப் புரதமாகின்றன. ஆகவே தொட்டியில் நாம் கொட்டும் தீனி முதலில் அந்த நுண்ணுயிர்களுக்குத்தான். கீழே வரும் செய்திகளில் பாதி இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை.

7 சதவீதத்துக்குக் கீழே போனால்

தீனியில் புரதம் 7 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்த நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். நார் செரிக்காது, மாடு தின்னும் அளவும் குறையும். நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். வெறும் வைக்கோலில் கட்டி வைத்த மாடு எலும்பும் தோலுமாக நிற்பதற்குக் காரணம் வைக்கோலின் அளவுக் குறைவு இல்லை என்பது இதனால் புரியும்.

இதற்கு ஒரு வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி 21 நாள் விட வேண்டும். யூரியாவிலிருந்து கிளம்பும் அம்மோனியா நாரை இளக்கிவிடும். புரத அளவும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். தேவையானதை எடுத்து, நெடி போகும்வரை காற்றாட விட்டு, பழைய வைக்கோலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. யூரியாவை நேரடியாகத் தீனியில் தூவுவதோ தண்ணீரில் கலந்து காட்டுவதோ மாட்டைக் கொன்றுவிடும். மூட்டையைத் தொழுவத்துக்கு அருகில் வைக்கவே கூடாது.

புரதமே தராமல் பால்

ஃபின்லாந்து வேதியியலாளர் அர்த்தூரி வீர்த்தனன் பசுந்தீவனத்தைப் பதப்படுத்தும் முறைக்காக 1945-ல் நோபல் பரிசு பெற்றவர். பிற்காலத்தில் அவர் பசுக்களுக்குப் புரதம் சுத்தமாக நீக்கிய தீனியைக் கொடுத்து, தழைச்சத்துக்கு யூரியாவையும் அம்மோனியம் உப்புகளையும் மட்டும் சேர்த்தார். பசுக்கள் பால் கறந்தன. 1966-ல் அந்த முடிவு வெளியானது. யூரியாவிலிருந்து புரதம் கட்டும் திறமை பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. பெருவயிறு இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் இந்த வித்தை பலிக்காது.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது

1907-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை தொடங்கியது. 16 கிடாரிகளை நான்கு கூட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மக்காச்சோளச் செடியிலிருந்து மட்டும் தீனி. இன்னொன்றுக்குக் கோதுமை மட்டும். மூன்றாவதற்கு ஓட்ஸ் மட்டும். நான்காவதற்கு மூன்றின் கலவை. புரதம், மாவுச்சத்து, கொழுப்பு எல்லாம் ஆய்வகக் கணக்குப்படி நான்கு தீனியிலும் ஒரே அளவு. அன்றைய அறிவியலின்படி நான்கு கூட்டமும் ஒரே மாதிரி வளர்ந்திருக்க வேண்டும்.

நான்கு ஆண்டு முடிவில் மக்காச்சோளக் கூட்டம் பளபளவென்று நின்றது. திடமான கன்றுகளை ஈன்றது. கோதுமைக் கூட்டம் மெலிந்து, சில கண்பார்வை இழந்து, குறைமாதக் கன்றுகளைப் போட்டது. அந்தக் கன்றுகள் பிழைக்கவில்லை. அளவிடத் தெரியாத ஏதோ ஒன்று தீனியில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தச் சோதனையில் பங்கெடுத்த எல்மர் மெக்காலம், அந்தத் தேடலைத் தொடர்ந்து 1913-ல் வைட்டமின் ஏ-யைக் கண்டறிந்தார். சோதனைக்கு வித்திட்டவர் ஸ்டீபன் பாப்காக். பாலில் கொழுப்பை அளக்கும் எளிய முறையை 1890-ல் கொடுத்தவரும் இவரே.

இன்று வைக்கோலையும் தவிட்டையும் மட்டும் போட்டு, பச்சையே காட்டாமல் கோடை முழுவதும் மாட்டை வைத்திருக்கும் வீடுகளில் அதே சோதனை திரும்ப நடக்கிறது. மாலைக்கண்ணும் கலைந்த சினையும் அதன் விளைவுகள். தினமும் ஒரு கட்டுப் பச்சை கொடுத்தால் இதைத் தடுக்கலாம்.

தவிட்டின் பெருமையைக் கோழி சொன்னது

ஜாவா தீவின் மருத்துவமனை ஒன்றில் 1890-களில் கிறிஸ்தியான் ஐக்மான் வளர்த்த கோழிகள் திடீரென்று கால் மடங்கி விழுந்தன. சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு அவற்றுக்குத் தீனியாகப் போய்க்கொண்டிருந்தது. தவிடு நீங்காத அரிசிக்கு மாற்றியதும் எழுந்து நடந்தன. பெரிபெரி நோய்க்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பு அங்கே பிடிபட்டது. ஐக்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு. நாம் ஒதுக்கிய தவிட்டில் இருந்த பி வைட்டமினைக் காலங்காலமாக நம் மாடுகள் தின்று வருகின்றன. பசுவுக்கு அதுகூடத் தேவையில்லை. பி வைட்டமின்களைப் பெருவயிற்று நுண்ணுயிர்களே செய்து கொடுத்துவிடும்.

கடலைப் பிண்ணாக்கில் ஒளிந்திருக்கும் பூஞ்சை

சித்தூர் பக்கத்துத் தொழுவங்களில் கடலைப் பிண்ணாக்குக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. கிலோவுக்கு 400 கிராமுக்கு மேல் புரதம் என்பதால் அந்த மதிப்பு நியாயமானதுதான். ஆனால் அதே பிண்ணாக்கு உலகத்துக்கு ஒரு பெரிய பாடத்தையும் கற்றுக்கொடுத்தது.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்தன. காரணம் புரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. ஈரத்தில் வளரும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை அதில் ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் அது புற்றுநோயையும் உண்டாக்கும்.

கறவை மாடு அந்தப் பிண்ணாக்கைத் தின்றால் நஞ்சின் ஒரு பகுதி எம்1 என்ற வடிவில் ஒரே நாளில் பாலுக்கு வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. 2018-ல் அந்த ஆணையம் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368 மாதிரிகள் வரம்பை மீறியிருந்தன. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் மட்டும் 88. பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை. குழந்தை குடிக்கும் பால் என்று நினைத்துப் பார்த்தால் இதுதான் பெரிய விஷயம்.

செய்ய வேண்டியது கடினமானதும் இல்லை. பறித்த கடலையை நன்றாகக் காயவிட்டு மூட்டை கட்டுவது. பிண்ணாக்கு மூட்டையைத் தரையில் படாமல், சுவரில் சாயாமல் பலகை மேல் அடுக்குவது. மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதிருப்பது. பூசணம் தட்டியதை "மாடுதானே, தின்னட்டும்" என்று போடவே வேண்டாம். குப்பைக்குழியில் புதைத்துவிடுங்கள்.

கொழுப்பு குறைந்தால் வைக்கோலைப் பாருங்கள்

பாலின் கொழுப்புக்குக் கச்சாப் பொருள் பெரும்பாலும் நாரிலிருந்து வருகிறது. நார் நொதிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம் மடிக்குப் போய்க் கொழுப்பாகிறது. பால் ஏறட்டும் என்று அரிசி மாவையும் மக்காச்சோளத்தையும் கூட்டி வைக்கோலைக் குறைத்தால், லிட்டர் ஏறும், ஃபேட் இறங்கும். சொசைட்டியில் விலை இரண்டையும் பார்த்துத்தான் போடுகிறார்கள். மாவு போலப் பொடித்த நாரும் உதவாது. மாடு அசைபோட வேண்டும். அசைபோடும் பெரிய மாடு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும்; அதிலுள்ள சோடா உப்புதான் பெருவயிற்றின் புளிப்பைத் தணிக்கிறது.

தராசு வேண்டாம், டேப் போதும்

தீனிக் கணக்கு மாட்டின் எடையிலிருந்து தொடங்குகிறது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து கொள்ளுங்கள். தோள்முனையிலிருந்து வாலடி எலும்பு வரை நீளத்தையும் அளந்து கொள்ளுங்கள். எல்லாம் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 65, நீளம் 55 என்றால் சுமார் 352 கிலோ.

அந்த மாட்டுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 10 கிலோ வரை உலர்பொருள் தேவை. உலர்பொருள் என்பது ஈரத்தைக் கழித்த எடை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 20 கிலோ புல் கொடுத்தால் உள்ளே போகும் உலர்பொருள் 4 முதல் 5 கிலோதான்.

எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு

தொழுவத்தில் நடக்கும் மிகப் பெரிய வீண்செலவு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கலப்பின மாட்டின் உடம்பைப் பராமரிக்க நாளைக்குச் சுமார் 1.5 கிலோ கலப்புத் தீவனம். அதற்கு மேல், கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. எருமையானால் 2 லிட்டருக்கு 1 கிலோ. இந்தக் கணக்கில் 10 லிட்டர் பசுவுக்கு 5.5 கிலோ, 4 லிட்டர் பசுவுக்குச் சுமார் 3 கிலோ போதும். இரண்டுக்கும் ஆளுக்கு 4 கிலோ வைத்தால், ஒன்று இளைக்கிறது, மற்றது கொழுக்கிறது. பால் உற்பத்திச் செலவில் 65 முதல் 70 சதவீதம் தீனிக்கே போகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சினையின் கடைசி இரண்டு மாதங்களில் 1 முதல் 1.5 கிலோ கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பால் வற்றிவிட்டது என்று அந்தச் சமயத்தில் தீனியைக் குறைக்கும் வழக்கம் அடுத்த ஈற்றின் பாலை இப்போதே குறைக்கிறது.

தண்ணீரும் தீவனமே

பாலில் 87 சதவீதம் தண்ணீர். உடம்புக்கு நாளைக்கு 30 முதல் 40 லிட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 3 முதல் 5 லிட்டர். கோடையில் இன்னும் கூடும். இரண்டு வேளை குடிதாழியில் காட்டிவிட்டுக் கட்டிப்போட்டால், தண்ணீர்க் குறைவே பாலைக் குறைக்கும். எந்நேரமும் எட்டும் தூரத்தில் தொட்டி இருக்கட்டும்.

அசோலாவின் உண்மையான அளவு

அசோலா என்னும் நீர்ப்பெரணியில் 25 சதவீதம் புரதம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது காய்ந்த அசோலாவின் கணக்கு. பச்சை அசோலாவில் 94 சதவீதம் தண்ணீர். 2 கிலோ பச்சை அசோலாவில் உலர்பொருள் 120 கிராம், புரதம் 30 கிராம். அது 70 கிராம் கடலைப் பிண்ணாக்குக்குச் சமம். வீட்டுக் கோழிக்கும் கன்றுக்கும் நல்ல துணைத்தீனி, தாது உப்பும் வைட்டமினும் உண்டு. பிண்ணாக்கை நிறுத்திவிட்டு அசோலாவை நம்புவது மட்டும் கணக்குக்கு ஒத்து வராது.

சோளத்தின் நஞ்சு

ஆலகாலம் உண்டு அன்னையின் மடியில் தலைசாய்த்த ஈசனைக் காணச் சுருட்டப்பள்ளிக்குப் பிரதோஷத்தன்று கூட்டம் திரளும். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள வயல்களில் தீவனச் சோளம் விதைப்பவர்கள் ஒரு நஞ்சை நினைவில் வைக்க வேண்டும். இளஞ்சோளத்திலும், மழையின்றி வாடிய சோளத்திலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் நிறைந்திருக்கும். பசித்த மாடு வேலி தாண்டி மேய்ந்தால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி விழும். பூக்கும் பருவம் வரை காத்திருந்து அறுப்பதே பாதுகாப்பு. விழுந்த மாட்டுக்கு மருந்து உண்டு. மருத்துவர் உடனே வந்து ஊசி போட்டால் பிழைக்கும்.

ஹவாய் ஆடு தந்த பரிசு

சவுண்டல் என்னும் சூபாபுல் தழையில் புரதம் மிகுதி. ஆனால் அதிலுள்ள மிமோசின் என்ற பொருளால் ஆஸ்திரேலிய மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்துக் கழலை வீங்கியது. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதையே தின்று கொழுத்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் இந்த வித்தியாசத்தைக் கவனித்தார். ஹவாய் ஆட்டின் பெருவயிற்று நீரை எடுத்துவந்து தம் நாட்டுக் கால்நடைகளுக்குள் செலுத்தினார். நோய் நின்றது! நஞ்சை உடைத்த பாக்டீரியாவுக்கு அவர் நினைவாகவே சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் சவுண்டலை வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

பொங்கல் நாளின் ஆபத்து

மாட்டுப் பொங்கல் என்று தமிழர் கொண்டாடும் நாளைத் தெலுங்கர் கனுமு என்கிறார்கள். நாகலாபுரத்தில் இரண்டு பெயரும் புழங்கும். அன்று பாசத்தோடு பானை பானையாய்ச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டப்பட்ட மாடுகள் மறுநாள் மருத்துவரிடம் வருகின்றன. கல்யாண வீட்டுச் சோறு, அன்னதானத்தில் மிஞ்சியது எல்லாம் இதே கதைதான். மாவுச்சத்து திடீரென்று குவிந்தால் பெருவயிற்றில் லாக்டிக் அமிலம் பெருகி, நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். உயிரும் போகலாம். ஒரு கைப்பிடி ஊட்டி வணங்குங்கள். மீதியை வீட்டார் சாப்பிடலாம். புதிய தீனி எதுவானாலும் 7 முதல் 14 நாள் வரை படிப்படியாகப் பழக்குவதே முறை.

அகத்திக் கட்டு

அமாவாசையன்று கோயில் வாசலில் வாங்கிப் பசுவுக்குக் கொடுக்கும் அகத்திக்கீரையின் உலர்பொருளில் ஏறத்தாழ 25 சதவீதம் புரதம். சிறந்த தானம். வரப்பில் நான்கு அகத்தி, வேலியில் கிளைரிசிடியா நட்டால் பிண்ணாக்குச் செலவு கொஞ்சம் குறையும்.

கன்று போட்டதும் விழும் நல்ல கறவை

ஒரு பசுவின் ரத்தத்தில் எந்த நேரத்திலும் சுழலும் கால்சியம் சுமார் 3 கிராம். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. அப்படியானால் கன்று போட்ட அன்று 10 லிட்டர் கறந்தால் என்ன ஆகும்? எலும்பிலிருந்து வேகமாக எடுத்து நிரப்ப வேண்டும். முடியாத மாடு இரண்டு மூன்று நாளுக்குள் காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். பால் சுரம் என்கிறார்கள், உடம்பு சுடாது. அதிகம் கறக்கும் மாட்டுக்குத்தான் இது அதிகம் வரும்.

வியப்பானது தடுப்பு முறை. கன்று போடுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் கால்சியத்தை வாரிக் கொடுக்கக் கூடாது. வெளியிலிருந்து தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து எடுக்கும் ஏற்பாடு தூங்கிப்போகும். கன்று போட்டபின் கொடுங்கள், தாராளமாக. படுத்துவிட்ட மாட்டுக்குக் கால்சியம் மருந்தை மருத்துவர் நரம்பில் மெதுவாக ஏற்றுவார். தெரியாதவர்கள் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

சீம்பால் முதலில் யாருக்கு?

தாய்ப் பசுவின் கருப்பை வழியாகக் கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி போவதில்லை. கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. எதிர்ப்புப் பொருள் முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அதை அப்படியே உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு 24 மணி நேரம்தான், அதுவும் மணிக்கு மணி குறையும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2.5 லிட்டர். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது கன்றுக்குச் செய்யும் கெடுதல். சீம்பாலில் ஜுன்னு காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது கன்று நிறையக் குடித்தபிறகு.

துணியும் எலும்பும் தின்னும் மாடு

இதற்குக் காரணம் பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவு. நாளைக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையும் 30 கிராம் சாப்பாட்டு உப்பும் தொடர்ந்து கொடுத்துப் பாருங்கள், குடற்புழு நீக்கமும் செய்யுங்கள்.

மண்ணில் ஒரு துளி கோபால்ட்

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பச்சைப் புல்வெளியில் மேய்ந்த ஆடுமாடுகள் பட்டினி கிடந்ததுபோல இளைத்துச் செத்தன. மண்ணில் கோபால்ட் இல்லாததுதான் காரணம் என்று 1935-ல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். பி12 வைட்டமினைக் கட்ட நுண்ணுயிர்களுக்கு அது வேண்டும். தாது உப்புக் கலவையில் அது மிகச் சிறிய அளவில் சேர்ந்திருக்கிறது.

மாம்பழக் கூழ் ஆலையின் தோல்

சித்தூர் மாவட்டத்துத் தோத்தாபுரி மாம்பழம் கூழாகி உலகமெங்கும் போகிறது. பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலும் கொட்டையும். தோலில் இனிப்பு மிகுதி, புரதம் குறைவு. மாடு ஆசையாய்த் தின்னும். புதிதாக, கொஞ்சமாக, வைக்கோலோடு கலந்து கொடுத்தால் நல்ல சக்தித் தீனி. குவித்து வைத்தால் ஒரே நாளில் புளித்துப் பூசணம் பிடிக்கும். கொட்டைப் பருப்பில் துவர்ப்புப் பொருள் இருப்பதால் தானியத்துக்குப் பதிலாகச் சிறு பங்குதான் சேர்க்கலாம். சீசனில் சாலையோரம் கொட்டி அழுகவிடும் தோலை, நறுக்கிய வைக்கோலோடு அடுக்கிக் காற்றுப் புகாமல் மூடினால் ஊறுகாய்ப்புல்லாகவே சேமிக்கலாம். இதற்கு ஆலைகளும் பால் சங்கங்களும் கைகோர்க்க வேண்டும்.

புங்கனூர்க் குட்டை

சித்தூர் மண்ணின் சொந்த இனம் புங்கனூர். உயரம் மூன்றடிக்குள். பலமனேர் ஆராய்ச்சி நிலையத்தில் அழிவின் விளிம்பிலிருந்து காக்கப்பட்டது. 150 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளைக்கு 4 கிலோ உலர்பொருள்கூட ஆகாது. வறண்ட மேட்டு நிலத்தில் பால் கொடுத்த அந்தச் சிற்றுடம்பை, பெரிய மாடு என்ற ஆசையில் கைவிட்டோம்.

கொழுத்த குட்டிதான் முதலில் சாகும்

நெல்லூர் ஆடு வளர்ப்பவர்களுக்குத் துள்ளுமாரி தெரியும். முதல் மழைக்குப்பின் முளைத்த இளம்புல்லைத் திடீரென்று நிறையத் தின்ற குட்டி, இரவில் துள்ளி விழுந்து காலையில் செத்துக் கிடக்கும். குடலில் எப்போதும் இருக்கும் கிருமி, திடீர்ச் செழிப்பில் பெருகி நஞ்சு கக்குவதே காரணம். மழைக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள். வெறும்வயிற்றில் இளம்புல்லுக்கு விடாதீர்கள். இனச்சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகப் பெட்டை ஆட்டுக்கு நாளைக்கு 200 கிராம் தானியம் கொடுத்தால் இரட்டைக் குட்டி கூடும்.

கோழிக்குச் சுண்ணாம்பு சாயங்காலம்

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. கிளிஞ்சல் தூளை மாலையில் வைத்தால் தோல்முட்டை குறையும்.

எருமைப் பால் ஏன் வெள்ளை?

புல்லிலுள்ள மஞ்சள் நிறக் கரோட்டினை எருமை முழுவதும் வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுகிறது. பசு கொஞ்சத்தை அப்படியே பாலில் விடுகிறது. வெண்ணெயின் மஞ்சள் அதுதான்.

கோடையில் எப்போது தீனி?

நார் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கும். நாற்பது டிகிரி நண்பகலில் வைக்கோல் போட்டால் மாடு உள்ளும் புறமும் வேகும். விடியற்காலையும் இரவும் அதற்கு ஏற்ற வேளை. பகலில் பச்சையும் தண்ணீரும் போதும்.

ஏப்பத்தில் போகும் தீனி

தின்ற சக்தியில் 2 முதல் 12 சதவீதம் மீத்தேன் வாயுவாக ஏப்பத்தில் வெளியேறுகிறது. மட்டமான தீனியில் ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேன் அதிகம். பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம், துவர்ப்புத் தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற கலவையை உருவாக்கியிருக்கிறது. மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்பது அவர்கள் கணக்கு.

மூட்டையின் அச்சைப் படியுங்கள்

கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய எண் ஐ.எஸ். 2052. முதல் ரகத்தில் 22, இரண்டாம் ரகத்தில் 20 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தர முத்திரை, தயாரித்த தேதி இரண்டும் இல்லாத மூட்டையை விலை குறைவு என்று வாங்காதீர்கள். உங்கள் மாட்டுக்கு எது எவ்வளவு என்று கணக்கிட தேசிய பால்வள வாரியத்தின் 'பசு போஷண்' செயலி இருக்கிறது. நாகலாபுரத்தாருக்குத் திருப்பதியில் 1955 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தூரமில்லை. மாடு தீனி எடுக்காமல் நின்றாலோ, அசைபோடுவதை நிறுத்தினாலோ காத்திருக்க வேண்டாம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். அந்த எண்ணைத் தொழுவத்துச் சுவரில் இன்றே எழுதி வையுங்கள்.